வீட்டிலிருந்தே ஒரு தொழில்

(பரிசளிப்பு விழாவில் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு முதலில் என் வாழ்த்துகள். மேடைக்கு வந்து பரிசு வாங்கும்போது உங்கள் தாயார் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை நான் பார்த்தேன். அதே நேரத்தில், பெயர் கூப்பிடப்படாமல் கீழே அமர்ந்து கைதட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளையும் பார்த்தேன். இன்றைய என் பேச்சு பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளுக்கும், இப்பள்ளியில் படித்து முடித்து, எஸ்.பி.எம். எழுதிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் அவர்களுடைய அண்ணன் அக்காமார்களுக்கும் உரியது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளை ஐந்தாம் படிவம் முடித்ததும், "தொழிற்சாலை பஸ் வருது, ஏறிக்கோ" என்கிறோம். அல்லது சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் அனுப்பிவிட்டு மாதம் ஒருமுறை முகம் பார்க்கிறோம். பெண் பிள்ளையாக இருந்தால், பாட்டிக்கு நடக்க முடியவில்லை, தம்பி சின்னவன், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறோம். படிப்பு வராத பிள்ளை என்று யாரையும் சொல்ல மாட்டேன். வேலை இருக்கிற ஊருக்குப் போக முடியாத பிள்ளைகள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கைத்தொழிலைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அதன் பெயர் லினக்ஸ்.

லினக்ஸ் என்றால் என்ன?

காலையில் பிரட்டுக்களத்தில் என்ன நடக்கும் என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை, யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுத்து, கணக்கும் எழுதிக்கொள்வார்கள். அது நடக்காவிட்டால் நூறு பேர் வந்தும் ஒரு வேலையும் ஓடாது. கணினிக்குள்ளும் அப்படி ஒரு மேற்பார்வை வேண்டும். எந்தச் செயலிக்கு எவ்வளவு நினைவகம், எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்று பிரித்துக் கொடுக்கும் அந்த மேற்பார்வை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸ் இன்னோர் இயங்குதளம்.

1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், எவரும் பயன்படுத்தலாம், எவரும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் முயற்சியை அறிவித்தார். அதற்கு க்னூ என்று பெயர். அதில் பல பகுதிகள் தயாராகிவிட்டன. ஆனால் நடுவில் இருக்கவேண்டிய கருப்பகுதி மட்டும் முடியாமல் இருந்தது. 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் அப்படியொரு கருப்பகுதியைத் தம் சொந்தக் கணினியில் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார். 1992இல் அதையும் அதே பொது உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்ததைத்தான் இன்று லினக்ஸ் என்கிறோம்.

"நாங்க இதைப் பார்த்ததே இல்லையே" என்று நினைப்பீர்கள். உங்கள் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தால், அதன் உள்ளே ஓடும் கருப்பகுதி லினக்ஸ்தான். உலகின் மிக வேகமான 500 கணினிகள் என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறார்களே, 2017 நவம்பர் முதல் அந்த 500லும் லினக்ஸ்தான். இணையத்தில் நீங்கள் திறக்கும் கடைகள், செய்தித்தாள்கள் முதலியவற்றில் மிகப் பெரும் பகுதியைத் தாங்கி நிற்கும் சர்வர் கணினிகளிலும் அதுவே ஓடுகிறது. சர்வர் என்றால் இரவும் பகலும் அணையாமல் ஓடி, கேட்பவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் கணினி.

சும்மா கிடைப்பதில் காசு எங்கிருந்து வரும்?

நியாயமான கேள்வி. லினக்ஸை இணையத்திலிருந்து காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் யார் சம்பளம் கொடுப்பார்கள்?

கோயில் கிணறு எல்லாருக்கும் பொது. தண்ணீருக்கு விலை இல்லை. ஆனால் தூர் வாருகிறவருக்குக் கூலி உண்டு. மோட்டார் பழுது பார்க்கிறவருக்குக் கூலி உண்டு. லினக்ஸும் அப்படித்தான். பொருள் இலவசம், அதைக் காத்து ஓட வைக்கிறவருக்குக் கூலி. இது சின்னக் கணக்கு இல்லீங்க. ரெட் ஹேட் என்ற அமெரிக்க நிறுவனம் லினக்ஸுக்குப் பராமரிப்பும் உத்தரவாதமும் கொடுத்தே வளர்ந்தது. 2019ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் அதை ஏறத்தாழ 3,400 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. யாரும் சும்மா எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு பொருளைச் சுற்றி நடக்கும் தொழிலுக்கு அந்த விலை.

வேலை எப்படி இருக்கும்?

எடுத்துக்காட்டாக, கிள்ளானில் ஒருவர் துணிக்கடை வைத்திருக்கிறார் என்று வச்சுக்குவோம். தீபாவளிக்கு இரண்டே வாரம். இணையத்திலும் சேலை விற்கிறார். ஒரு நாள் காலையில் அவருடைய இணையக் கடை திறக்கவில்லை. ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு நட்டம்.

அவர் உங்கள் மகளை அழைக்கிறார். மகள் தன் வீட்டு மேசையில் இருந்தபடியே அந்தச் சர்வருக்குள் நுழைகிறாள். டி.எஃப். என்று ஒரு கட்டளை உண்டு. வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும். நூற்றுக்கு நூறு நிரம்பிவிட்டது என்று வருகிறது. அடுத்து டி.யூ. என்ற கட்டளை. எந்த அடைவு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று சொல்லும். பார்த்தால், சர்வர் நாள்தோறும் எழுதிவைக்கும் பதிவுக் குறிப்புகள் யாரும் கவனிக்காமல் மலைபோலக் குவிந்துவிட்டன. எழுத இடமில்லாததால் தரவுத்தளம் நின்றுவிட்டது. தரவுத்தளம் நின்றதால் கடை மூடிவிட்டது.

அவள் பழைய குறிப்புகளைச் சுருக்கி வேறிடத்துக்கு மாற்றுகிறாள். தரவுத்தளத்தை மறுபடி ஓட விடுகிறாள். கடை திறக்கிறதா, ஒரு சேலையைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் பக்கம் வரை போக முடிகிறதா என்று சோதிக்கிறாள். இனிமேல் குறிப்புகள் வாரந்தோறும் தானாகவே சுருங்கிப் பழையவை நீங்கும்படி ஏற்பாடு செய்கிறாள். என்ன நடந்தது, என்ன செய்தேன் என்று பத்து வரியில் கடைக்காரருக்கு எழுதி அனுப்புகிறாள். அரை மணி நேர வேலைதான். ஆனால் எந்தக் கட்டளையை முதலில் கேட்பது, எதை அழிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வருடக்கணக்கில் பழக்கம் வேண்டியிருந்தது.

பால் மரம் வெட்டியவர்களுக்கு இது விளங்கும். மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். ஆழமாக வெட்டினால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை கெட்டுப்போகும். நடுவில் இருப்பது மயிரிழை அளவு. அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியுமா? கை பழக வேண்டும். லினக்ஸில் ரூட் என்றொரு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தில் இருப்பவர் எதை அழித்தாலும் கணினி தடுக்காது.

இதற்கு ஒரு மெய்யான நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கிட்லேப் என்ற நிறுவனத்தின் பணியாளர்கள் பல நாடுகளில் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள். 2017 ஜனவரி 31 இரவு, அங்கே ஒரு பொறியாளர் பழுது நீக்கிக்கொண்டிருந்தார். வேறொரு சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவு அடைவை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சில நொடிகளில் நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட் மட்டுமே மிஞ்சியது. பிரதி எடுத்து வைக்க ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு அவை எதுவும் சரியாக உதவவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு பிரதியைக் கொண்டு மீட்டார்கள். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நிறுவனம் இதை மறைக்காமல் உலகத்துக்கே எழுதி அறிவித்தது.

இதிலிருந்து நம் பிள்ளைகள் கற்கவேண்டியது ஒன்று உண்டு. பிரதி எடுத்து வைத்தால் மட்டும் போதாது. அதைத் திரும்பப் போட்டுப் பார்த்து, வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். ஒரு கடைக்காரருக்கு இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து கொடுத்தாலே அவர் மாதாமாதம் பணம் கொடுக்கத் தயங்க மாட்டார்.

வீட்டிலிருந்து எப்படி முடிகிறது?

எஸ்.எஸ்.எச். என்ற ஒரு வழி இருக்கிறது. 1995இல் இதை எழுதியவரும் பின்லாந்துக்காரர்தான். தாத்து இலோனன் என்பவர். பல்கலைக்கழகக் கட்டமைப்பில் யாரோ கடவுச்சொற்களைத் திருடியதைப் பார்த்து, இடையில் எவரும் படிக்க முடியாதபடி எழுத்துகளை மறைத்து அனுப்பும் முறையை அவர் உருவாக்கினார். இன்று உலகத்தில் எங்கோ இருக்கும் சர்வரை, இணையம் உள்ள எந்த வீட்டிலிருந்தும் இதன் வழியாக ஆளலாம். போவதும் வருவதும் வெறும் எழுத்துகள் என்பதால் மிக வேகமான இணையம்கூடத் தேவையில்லை. ஆனால் அடிக்கடி அறுந்துபோகாத இணையம் வேண்டும்.

நேர வேறுபாடும் நமக்குத் துணை செய்கிறது. இங்கே காலை எட்டு மணி என்றால் குளிர்காலத்தில் லண்டனில் நள்ளிரவு. அவர்கள் உறங்கும் நேரத்தில்தான் சர்வரைப் புதுப்பிக்கும் வேலைகளைச் செய்ய விரும்புவார்கள். அது நமக்குப் பகல் வேலை. உபுண்டு என்ற லினக்ஸை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் 2004இல் தொடங்கியது. அதன் பணியாளர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்பதைவிட வேலை நடக்கிறதா என்பதைப் பார்க்கும் நிறுவனங்கள் இப்படி இருக்கின்றன.

எப்படிக் கற்பது?

முதலில் ஒரு கணினி. புதியது வேண்டாம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நன்றாக ஓடும் கணினிகள் பல, அடுத்த விண்டோஸுக்குத் தகுதி இல்லை என்று அலுவலகங்களிலிருந்து கழிக்கப்படுகின்றன. அவற்றுக்கு லினக்ஸ் பொருந்தும். லினக்ஸ் மிண்ட் என்ற வகைக்கு 2 கிகாபைட் நினைவகமே போதும். 4 இருந்தால் நல்லது. தெரிந்த அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கும் இரண்டொன்று கேட்டு வாங்கலாம்.

முதல் ஆண்டு, அன்றாட வேலைகளை எல்லாம் லினக்ஸிலேயே செய்யட்டும். மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தன்னார்வத் தமிழர்கள் உழைத்து மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். பிறகு கறுப்புக் கட்டளைத் திரையில் கோப்புகளை உருவாக்க, நகர்த்த, தேட, யாருக்கு எந்த உரிமை என்று அமைக்கப் பழகட்டும். லினக்ஸ் பவுண்டேஷன் என்ற அமைப்பு 2014இல் தொடங்கிய அறிமுகப் பாடம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. இரண்டாம் ஆண்டு, ஒரு வலைத்தளத்தைத் தானே நிறுவி, தரவுத்தளம் அமைத்து, பிரதி எடுத்து, வேண்டுமென்றே கெடுத்து, மறுபடி சரிசெய்து பார்க்கட்டும். கெட்டுப்போனால் மறுபடி நிறுவ ஒரு மணி நேரம்கூட ஆகாது; செலவும் இல்லை. இப்படிக் கெடுத்துக் கெடுத்துக் கற்க வேறெந்தத் தொழில் இடம் கொடுக்கும்? மூன்றாம் ஆண்டு, சின்னச் சின்ன வேலைகளைத் தானே நடத்தும் நிரல்கள் எழுதவும், பாதுகாப்பு அமைக்கவும் பழகட்டும்.

சான்றிதழ் வேண்டுமா என்று கேட்பீர்கள். எல்.பி.ஐ.சி. முதல் நிலை என்பது இரண்டு தேர்வுகள். ஐந்து ஆண்டுகள் செல்லுபடியாகும். ரெட் ஹேட் நடத்தும் தேர்வில் கேள்வித்தாளே கிடையாது. கணினி முன் உட்கார வைத்து வேலையைச் செய்து காட்டச் சொல்வார்கள். இவற்றுக்குக் கட்டணம் கொஞ்சம் அதிகம். ஆகவே கை பழகிய பிறகு கட்டுங்கள். தேர்வுக்குப் பணம் கட்டினால் தொழில் வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

மொழியைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. வாடிக்கையாளருக்கு எழுதுவதும் ஆங்கிலத்திலோ மலாயிலோதான். பேசுவதில் பிழை வந்தாலும் பரவாயில்லை, நான்கு வரி தெளிவாக எழுத வரவேண்டும். தமிழில் தெளிவாக எழுதப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழியிலும் அந்த ஒழுங்கு வரும். இங்கே ஆசிரியர்கள் கட்டுரை எழுதச் சொல்வது வீண் போகாது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அது எல்லாக் கட்டளையையும் சொல்லிவிடுமே என்றும் சிலர் கேட்கலாம். உண்மைதான், சொல்கிறது. தவறாகவும் சொல்கிறது. சொன்னதை அப்படியே சர்வரில் தட்டினால் கிட்லேப்பில் நடந்தது நம் வீட்டிலும் நடக்கும். சரியா தவறா என்று தெரிந்தவருக்கு அது நல்ல உதவியாள், தெரியாதவருக்கு ஆபத்து. மிக எளிய வேலைகளுக்கு இனிக் கூலி குறையும். ஆகவே அரைகுறையாகக் கற்றால் போதாது.

முதல் வருமானம்

முதல் வாடிக்கையாளரை அமெரிக்காவில் தேட வேண்டாம். பக்கத்து ஊர்க் கிளினிக், அச்சகம், டியூஷன் நிலையம், கோயில் நிர்வாகம் இவர்களிடம் தொடங்கலாம். என்ன செய்வேன், எப்போது செய்வேன், எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். இரண்டு மூன்று பேரின் நற்சாட்சி கிடைத்த பிறகு, வேலை தரும் பன்னாட்டு இணையச் சந்தைகளில் பெயரைப் பதிவு செய்யலாம். அவை சம்பாத்தியத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கடைக்கு மாதம் 150 வெள்ளி வீதம் 12 கடைகளைப் பராமரித்தால் 1,800 வெள்ளி. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. "பரவாயில்லையே, நூறு வெள்ளி கூடத்தானே" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். 1,700 வெள்ளி சம்பளக்காரருக்கு முதலாளி ஊழியர் சேமநிதியில் 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி போடுகிறார். சொக்சோவும் கட்டுகிறார். சொந்தத் தொழிலில் இவற்றை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். மின்சாரமும் இணையமும் நம் செலவு. ஆகவே 1,800 என்பது உண்மையில் 1,700ஐவிடக் குறைவு. இருக்கிற வேலையை விட்டுவிட்டு இதில் குதிக்க வேண்டாம். தொடர்ந்து ஆறு மாதம் செலவு போக 2,000 வெள்ளிக்கு மேல் நின்றால், அப்போது யோசியுங்கள்.

தொழிலைச் சட்டப்படி நடத்துங்கள். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். என்னும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி. தனி வாணிபப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். சேமநிதியில் தாமாகவே பணம் போட வழி உண்டு. சொந்தத் தொழில் செய்வோருக்குச் சொக்சோ பாதுகாப்பு தரும் சட்டம் 2017இல் வந்திருக்கிறது. மாதம் சிறு தொகை என்றாலும் விடாமல் கட்டுங்கள். நாற்பது வருஷம் உழைத்தும் கையில் ஒன்றும் இல்லாமல் லயத்தை விட்டு வெளியேறியவர்களின் கதை நமக்குத் தெரியாததா?

ஓர் எச்சரிக்கை. "வீட்டிலிருந்தே வேலை, நாளைக்கு முந்நூறு வெள்ளி, முதலில் நூறு வெள்ளி கட்டுங்கள்" என்று கைப்பேசிக்குச் செய்தி வரும். அது வேலை இல்லை, மோசடி. வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார். "உன் வங்கி அட்டையைக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்பவனிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். அந்தக் கணக்கில் திருட்டுப் பணம் புரளும்; போலீஸ் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 997க்கு அழையுங்கள். 2022இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது.

பெற்றோர்களே, இனி உங்களிடம்

இதுவரை சொன்னவற்றில் மிகக் கடினமானது எது என்று நினைக்கிறீர்கள்? கட்டளைகளா? ஆங்கிலமா? இல்லைங்க. வீடுதான்.

ஆள் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தால் நமக்கு அது வேலையாகத் தெரிவதில்லை. "சும்மாதானே இருக்கே, கேஸ் தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வா." "தம்பியைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்து உட்காரு." "அத்தை வந்திருக்காங்க, எழுந்து தேத்தண்ணி போடு." ஒவ்வொன்றும் சின்ன வேலைதான். ஆனால் கிள்ளான் கடைக்காரர் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு முறை காத்திருப்பார். மூன்றாம் முறை வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகனைப் பாதி வேலையில் கூப்பிட்டுக் கேஸ் வாங்கச் சொல்வோமா? பால் வெட்டப் போன மனைவியைக் காட்டிலிருந்து திரும்ப அழைப்போமா? மாட்டோம்.

இதில் பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் இந்தத் தொழில் அவர்களுக்கு ஏற்றது என்று சொன்னேன். அதே காரணத்தால், சமையலும் துவையலும் பாட்டியைப் பார்ப்பதும் அவள் தலையிலேயே இருக்க, வேலையும் அதற்கு மேல் ஏறிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நாள் முழுதும் வீட்டுக்கு உழைத்துவிட்டு, இரவு பதினொரு மணிக்குச் சர்வரைத் திறக்கும் பெண்ணால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும்? களைத்த கண்ணோடு ரூட் அதிகாரத்தில் கட்டளை தட்டினால் என்ன ஆகும் என்று சற்று முன்புதான் பார்த்தோம். பாட்டியை யார் எந்த நேரத்தில் பார்ப்பது என்று அப்பாவும் அண்ணனும் சேர்ந்து முறை போட்டுக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது மூன்றே மூன்று. ஒரு மேசை, சாப்பாட்டு மேசையின் ஓரமாக இருந்தாலும் சரி, அது அந்தப் பிள்ளைக்கு உரியது என்று ஒதுக்குங்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் தொலைக்காட்சிச் சத்தம் குறையட்டும், யாரும் கூப்பிட வேண்டாம். மூன்று ஆண்டுப் பொறுமை, முதல் ஆண்டிலேயே "எவ்வளவு சம்பாதிச்சே?" என்று கேட்காதீர்கள். பிள்ளை விளையாடுகிறதா வேலை கற்கிறதா என்று சந்தேகம் வந்தால் திட்ட வேண்டாம். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டே, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். கற்ற பிள்ளை சொல்லும். விளையாடிய பிள்ளை விழிக்கும்.

பணம் கொடுத்து வாங்கும் படிப்பை நாம் மதிக்கிறோம். கடன் வாங்கியாவது கல்லூரிக்குக் கட்டணம் கட்டுகிறோம். வீட்டு மூலையில் காசில்லாமல் நடக்கும் படிப்பை மட்டும் ஏனோ மதிப்பதில்லை. இந்தத் தொழிலின் கருவி இலவசம், பாடம் இலவசம். பிள்ளைக்கு வேண்டிய நேரத்தையும் அமைதியையும் மட்டும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள முடியாது. அவற்றைக் கொடுக்க உங்களால் மட்டுமே முடியும்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு சொல். பிறர் சர்வருக்குள் நுழையும் உரிமை என்பது பிறர் வீட்டுச் சாவி மாதிரி. உள்ளே பார்ப்பதை வெளியே சொல்லாதீர்கள். தொடவேண்டியதை மட்டும் தொடுங்கள். தவறு நடந்தால் வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லுங்கள். நேர்மை இல்லாதவனுக்கு இத்தொழிலில் இரண்டாவது சாவி கிடைக்காது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் எழுந்து நடங்கள். மாலையில் திடலுக்குப் போய்ப் பந்து விளையாடுங்கள்.

பள்ளி நிர்வாகத்தினருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் என் தாழ்மையான வேண்டுகோள் ஒன்று உண்டு. கழித்துப் போடப்பட்ட கணினிகள் நான்கைந்து கிடைத்தால், சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் இப்பள்ளியின் ஓர் அறையைத் திறந்து விடுங்கள். பரிசு வாங்கிய பிள்ளையும் வாங்காத பிள்ளையும், ஐந்தாம் படிவம் முடித்து வீட்டில் இருக்கும் அக்காவும் சேர்ந்து வந்து உட்காரட்டும். அடுத்த ஆண்டு இதே விழாவில், அவர்களில் ஒருவர் மேடையேறித் தாம் என்ன கற்றோம் என்று நம் எல்லாருக்கும் சொல்லட்டும்.